குழாயில் இரண்டு தட்டு

பதினோரு வாரக் குட்டி.
ஊறிய முட்டைக்கோஸை ஒரே ஒருமுறை நக்கிவிட்டு
முகத்தை அப்படிச் சுளித்ததால் ஹாப்பு என்று பெயர்.
எங்கள் எஸ்டோனிய மொழியில் புளிப்பு.

நார்வாவில் பனிக்காலம். நான்காம் மாடி. லிஃப்ட் கிடையாது.
இரவு மூன்று மணி, மைனஸ் பதினெட்டு.
இரவுடைக்கு மேல் கோட்டு, கோட்டுக்குள் குட்டி.
எழுபத்திரண்டு படி இறங்கித்
தெருவிளக்கடியில் நின்று கெஞ்சுகிறேன்:
ஒண்ணுக்குப் போ கண்ணா, போயேன்.
அது பனியைத் தின்கிறது.
ஆற்றுக்கு அக்கரையில் இருக்கும் வேறொரு நாட்டைப் பார்த்து
ஒருமுறை குரைக்கிறது.
திரும்ப எழுபத்திரண்டு படி ஏறிக்
கதவைத் திறந்ததும்
மிதியடியில், நிம்மதியாக.

வாலை நிமிர்த்துவது என் வேலையில்லை என்று
முதல் நாளே தீர்மானித்துவிட்டேன்.
பிட்டத்தைத் தரையில் வைத்தால் போதும்.
இஸ்து என்பேன். உட்கார்.
வேகவைத்த ஈரல் துண்டை மூக்குக்கு மேல் தூக்கினால்
தலை அண்ணாந்து, பின்பக்கம் தானாக இறங்கும்.
சட்டைப்பையெல்லாம் ஈரல்.
தபால் நிலையத்தில் மிர்யே தன் நாற்காலியை
ஜன்னலோரம் நகர்த்திக்கொண்டாள்.

தனியாக இருக்கப் பழக்குவதுதான் பெரும்பாடு.
கதவுக்கு வெளியே ஒரு நிமிடம் மூச்சடக்கி நின்றேன்,
பிறகு மூன்று, பிறகு ஏழு.
விடுப்பு தீர்ந்தது. பாடம் தீரவில்லை.

கீழ்வீட்டு ரோதியோன் சவேலியிச்
மின்நிலையத்தில் டர்பைன் பார்த்தவர்.
ரஷ்ய மொழி மட்டும் பேசுவார்,
என்னிடம் அதையும் பேசியதில்லை.
வெப்பக்குழாயைக் கரண்டியால் தட்டுவார்.
டக். டக்.
இரவில் குட்டி முனகினால் டக் டக்.
காலையில் நான் வேலைக்கு இறங்கும்போது
அவர் கதவைத் தாண்டுவதற்குள் டக் டக்.
செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு இறங்கிய நாளும் உண்டு.
தப்பும் தவறுமான ரஷ்ய எழுத்தில்
மன்னிப்புச் சீட்டு ஒன்று எழுதி
வாசலில் இனிப்புப் பெட்டியோடு வைத்தேன்.
பதில்?
டக் டக்.

மார்ச்சில் தடுப்பூசி நாள்.
படிக்கட்டில் யாரோ வாளியைத் தவறவிட
இரும்புச் சத்தம் மாடி மாடியாக உருண்டது.
ஹாப்பு வீறிட்டுச்
சுழன்று, வாரைக் கடித்து, என் காலை நனைத்தது.
இஸ்து என்றேன். இஸ்து. இஸ்து.
ஈரலை நீட்டினேன். அதை யார் பார்த்தார்கள்!

மூன்றாம் மாடிக் கதவு திறந்தது.
பனியனோடு அவர்.
மோதிர விரலால் கைப்பிடிக் கம்பியில் இரண்டு தட்டு.
பிறகு, மிக மெதுவாக, தீஹ.
அமைதி என்பது அந்தச் சொல்.

குட்டி படுத்தது.
மோவாயைப் படிவிளிம்பில் வைத்துக்
காதிரண்டையும் கம்பியின் பக்கம் திருப்பிக்கொண்டது,
அந்தக் குரல் எப்போதும்
இரும்பிலிருந்துதான் வரும் என்பதுபோல.

நான் அவரைப் பார்த்தேன்.
குழாய் தளத்தைத் துளைத்துப் போகும் இடத்தில்
ஓட்டை பெரிது என்று கையை வளைத்துக் காட்டினார்.
ஸ்டூலில் ஏறுவதாக, வாயைக் குவித்துப் பேசுவதாக.
கொஞ்சம் வெட்கத்தோடு.
அப்புறம் உள்ளே போய்
நாடா அவிழ்க்காத என் இனிப்புப் பெட்டியைக் கொண்டுவந்தார்.
தன் மார்பைத் தொட்டு, சர்க்கரை என்றார்;
அது எந்த மொழியிலும் புரியும்.

ஆறு வாரமாக என் வீட்டில் பாடம் நடந்திருக்கிறது,
நான் இல்லாத நேரமாகப் பார்த்து.

ஹாப்பு இன்றும் இடது பூட்ஸைத்தான் மெல்லும்.
இஸ்துவுக்குப் பத்தில் ஆறுமுறை உட்காரும்.
மே மாதம், வெப்பத்தை நிறுத்திவிட்டார்கள்,
குளிர்ந்த குழாயடியில் அது தூங்குகிறது.
கனவில் என்ன கண்டதோ,
நிமிராத வால் ஒருமுறை குழாயில் படுகிறது.
டக்.

கீழே ஸ்டூல் நகரும் ஓசை.

கையில் ஈரல் துண்டோடு நிற்கிறேன்,
இதை யாருக்குக் கொடுப்பதென்று தெரியாமல்.