மூன்றாவது கோடு

ஹவ்லொக் டவுண், ஏழாம் மாடி.
லிஃப்ட் ஆறோடு மனம் மாறிவிடும்,
மிச்சத்தைப் பையோடு ஏறினேன்.
கதவைத் திறந்தவர் பிரதாபன், வங்கிக்காரர்.
கழுத்துப்பட்டியைக் கழற்றாமலே சொன்னார்:
"வானத்தில படி விழுது, ஜெரோம்."

அறுபத்தைந்து அங்குலம்.
இருபத்துநாலு தவணையில் இன்னும் பத்தொன்பது பாக்கி.
படத்தை நிறுத்தி வைத்திருந்தார்:
ஏதோ ஒரு பாலைவனம், சூரியன் போன கையோடு.
செம்மஞ்சள் மெல்ல ஊதாவுக்குள் கரையவேண்டிய இடத்தில்
பாதி வெங்காயத்தைக் கவிழ்த்து வைத்தாற்போல
வளையம், வளையம், வளையம்.

"கடைக்காரன் எல்லாருக்கும் அப்பிடித்தான் எண்டுறான்."
அவன் எல்லாவற்றுக்கும் அப்படித்தான் சொல்வான்.

சோபா மூலையில் அபிதாரணி
குழந்தையின் காற்சட்டைகளை மடித்துக்கொண்டிருந்தாள்.
"எனக்கு ஒண்டும் தெரியேல்ல" என்றாள், நிமிராமல்.

முதலில் அந்தப் பளிச்சென்ற முகப்பூச்சைத் துடைத்தேன்.
கடையில் ஆளை மயக்கப் பூசியது,
வீட்டுக்கு வந்தபின் யாரும் கழுவுவதில்லை.
கூர்மையைப் பூச்சியத்துக்கு இறக்கினேன்.
தானாக ஏறி இறங்கும் ஒளியைக் கட்டிப்போட்டேன்.
வளையங்கள் மெலிந்தன. போகவில்லை.
முதலாம் குறுக்குத்தெருவில்
நானூற்றைம்பதுக்கு வாங்கிய கேபிளை உருவி
என் கேபிளைச் சொருகினேன்.
எட்டு பிட்டில் ஒரு நிறத்துக்கு இருநூற்றைம்பத்தாறு படி,
பத்தில் ஆயிரத்து இருபத்துநாலு.
படி கூடக்கூடக் கால் இடறாது, சேர், என்றேன்.
ஏழாம் மாடிக்காரரிடம் சொல்லக்கூடாத உவமை.

பிறகு 'மென்மை' என்றொரு பொத்தான்.
உச்சத்துக்குத் தள்ளினேன்:
வானம் வழித்த தயிர்போல் ஆனது.
மணலின் சிலிர்ப்பும் போயிற்று,
ஒட்டகத்தோடு நடந்தவனின் தாடியும் போயிற்று.
"ஐயோ, ஆள் சவரம் எடுத்திட்டான்" என்றார் பிரதாபன்.
ஒன்றுக்குக் குறைத்தேன். தாடி திரும்பியது.
கூடவே வளையமும், பதுங்கி.

கடைசியாக என் பென்ட்ரைவ்:
கறுப்பிலிருந்து வெள்ளைக்கு ஒரு நீண்ட சரிவு, வேறெதுவும் இல்லை.
பத்து வருடமாக நான் ஆளுக்காள் காட்டிவரும் ஒரே படம்.
அந்தத் திரையில் அது எங்கும் தடுக்கவில்லை.

"ரீவியில பிழை இல்ல, சேர்.
லைன்ல அனுப்பும்போதே வானத்த மடிச்சுத்தான் அனுப்புறாங்க.
இங்க வந்து விரிச்சாலும்
மடிச்ச கோடு நிக்கும்."

மடித்துக்கொண்டிருந்த கை நின்றது.
"எங்க?"

கண்ணாடியில் படாமல் விரலால் காட்டினேன்.
இது ஒன்று. இதற்கு மேல் இன்னொன்று.
மூன்றாவது, அந்தக் குன்றின் தலையைத் தொட்டுக்கொண்டு.
எழுந்து வந்தாள், கையில் ஒரு சின்னக் காற்சட்டை.
நெடுநேரம் பார்த்தாள்.
"ஓ."

பிரதாபனின் முகத்தில் அப்போதுதான் வெளிச்சம்,
இரண்டு மாதமாகத் தனியே பார்த்துக்கொண்டிருந்தவர்.
மூவாயிரத்து ஐந்நூறை எண்ணித் தந்தவள் அவள்தான்,
என் தோளுக்கு மேலால்
மூன்றாவது கோட்டைப் பார்த்தபடி.

காலிமுகத்திடலில் சிவப்பு விளக்கு.
துறைமுகப் பக்கத்துப் பாரந்தூக்கிகளுக்குப் பின்னால் வானம்
மஞ்சளில் தொடங்கி எங்கேயோ நீலமாகியிருந்தது.
எங்கே என்று தேடினேன்.
பின்னால் ஒரு த்ரீவீல்காரன் ஹோர்னிலேயே படுத்துக்கிடந்தான்.
பச்சை விழுந்து எவ்வளவு நேரமோ.

கொட்டாஞ்சேனைக்கு வந்து, குளித்து,
பாணும் பருப்பும் தின்று முடிக்கும்போது பத்தே முக்கால்.
கைபேசியில் அவள்:
"ஜெரோம், மீன் குழம்பு விளம்பரத்திலயும் இருக்கு.
சட்டிக்குப் பின்னால, சுவரில."

எல்லாருக்கும் அப்படித்தான், மிஸ், என்று எழுதினேன்.
எழுதியதைப் பார்த்தேன்.
ஒவ்வோர் எழுத்தாக அழித்தேன்.