பீரோ ஓரம்

செவ்வாய்க்கிழமை காலை.
பல் தேய்த்து, பால் பாக்கெட் வருமுன்,
கடிகாரம் கழற்றி, அரைஞாண் கயிற்றைச் சந்தேகித்து,
மூக்குக் கண்ணாடியும் கழற்றி
(கழற்றினால் எண் தெரிவதில்லை,
திரும்ப மாட்டி)
ஏறுகிறேன்.

எழுபத்தெட்டு புள்ளி நாலு.
நேற்றும் அதுவே.
இறங்கி, மெஷினைக் காலால் தள்ளி
பீரோ ஓரம் வைத்து ஏறினால்
எழுபத்தேழு புள்ளி ஒன்பது.

அயனாவரத்தில் இரண்டாம் மாடி, வாடகை வீடு.
தரை எங்கும் ஒரே தரைதான்.
பீரோ பக்கம் மட்டும்
கொஞ்சம் இரக்கம் உண்டு.

பாரிமுனையில் பதினெட்டு வருடமாய்
பிறர் பேரேட்டைச் சரிபார்க்கிறவன் நான்.
ஐம்பது பைசா உதைத்தாலும்
சாயங்காலம் வீட்டுக்குக் கிளம்பமாட்டேன்.

ஏழாயிரத்து எழுநூறு கலோரிக்கு ஒரு கிலோ
என்கிறது போனில் இருக்கும் செயலி.
தை பிறந்ததிலிருந்து
தின்னாமல் விட்டதும்
ஐ.சி.எஃப் மதில் ஓரம் நடந்து தொலைத்ததும் சேர்த்து
அறுபத்தோராயிரத்து அறுநூறு.
எட்டு கிலோ குறைந்திருக்க வேண்டும்.
மூன்றுதான் குறைந்தது.
மீதி ஐந்து
யார் பற்றில் நிற்கிறது?

தோசை, ஒன்று: நூற்று முப்பத்துமூன்று.
எந்தத் தோசை?
ஞாயிறு அரைத்த மாவில் திங்கள் வார்த்ததா,
வியாழனன்று தண்ணீர் விட்டு இழுத்து,
பாத்திரம் வழித்து ஊற்றிய தடித்த கடைசியா?
எண்ணெய் எவ்வளவு விட்டாய் என்று
வளர்மதியைக் கேட்டேன்.
"கண்ணளவுதான்."
கண்ணளவுக்கு எத்தனை மில்லி?
தோசைத் திருப்பியோடு அவள் திரும்பிப் பார்த்ததை
ஏற்றச் செயலியில் கட்டம் இல்லை.

பெருநாளைக்கு ருக்சானா மேடம் வீட்டிலிருந்து
ஆபீஸுக்கு வந்தது ஒரு பக்கெட் பிரியாணி.
ஒரு கப் என்று பதிந்தேன்.
என் வாழ்நாளில்
தெரிந்தே எழுதிய முதல் பொய்க்கணக்கு.

கீழ்வீட்டு ஜெயசீலனுக்கும் எடைதான் பேச்சு.
திங்கள், வியாழன் கீழ்ப்பாக்கத்தில் டயாலிசிஸ்.
போகும்போது ஒரு எடை, வரும்போது ஒரு எடை.
"உனக்கு அஞ்சு மாசத்துல மூணு.
எனக்கு நாலு மணி நேரத்துல ரெண்டரை.
யாருப்பா கெட்டி?"
சிரிப்பார்.
அவருடைய எவர்சில்வர் டம்ளரில்
மகள் நகப்பூச்சால் இழுத்த சிவப்புக் கோடு,
அதுவரைக்கும் ஊற்றி மூன்று முறை.
ஒரு நாள் தண்ணீர் அவ்வளவுதான்,
கத்திரி வெயில் ஆனாலும்.

இன்று சாயங்காலம்
வண்டிக்காரன் நுங்கு சீவும் இடத்தில்
என்னைப் பிடித்து நிறுத்தினார்.
"உன் போன்ல பாரேன்,
இதுல தண்ணி எவ்வளவு இருக்கும்?"

பார்த்தேன்.
நாற்பத்துமூன்று கலோரி.

"அது எனக்கெதுக்கு?
தண்ணியச் சொல்லு."

மேலே தள்ளினேன், கீழே தள்ளினேன்.
புரதம் இருந்தது. நார்ச்சத்து இருந்தது.
"உங்கள் இலக்குக்கு ஏற்ற உணவு"
என்று பச்சை டிக் இருந்தது.
தண்ணீர் இல்லை.

ஒரு காய்க்கு மூன்று கண்.
ஒன்றை மட்டும் எடுத்து,
தோலை நகத்தால் நெம்பி,
சொட்டுச் சிந்தாமல்
முழுதாய் வாயில் போட்டு உதட்டை மூடினார்.
பேருந்து ஒன்று கடந்து போனது.
இன்னொன்று.
அவர் விழுங்கவே இல்லை.

"மிச்சம் உனக்கு,"
விரலால்தான் சொன்னார்.

தின்றேன்.
முழங்கை வரை வழிந்ததை
சட்டையில் துடைத்துக்கொண்டேன்.

இரவு ஒன்பதுக்குச் செயலி கேட்டது,
இன்று எதையோ பதிய மறந்தீர்களா?
நுங்கு என்று அடித்தேன்.
எத்தனை கப், எத்தனை கிராம் என்றது.
கண் என்ற அளவு
அதன் பட்டியலில் இல்லை.

நாளை புதன்.
மெஷினை
பீரோ ஓரமே விட்டுவைத்திருக்கிறேன்.