ஊதா மூடி

குதிரையில் வந்து குதிரையிலேயே போகிறவன் படம்: மூன்று.
அதில் ஒன்றரை குதிரைக்கு.
மீதி ஏசிக்கு.
காளவாசலில் அன்றைக்கு நூற்றிநாலு டிகிரி.

லேப் ரிஜிஸ்டரின் கடைசிப் பக்கத்தில்
இப்படித்தான் எழுதி வைக்கிறேன்.
முன்பக்கமெல்லாம் ஊராரின் சர்க்கரை, உப்பு.
பின்னால் நான் பார்த்த படங்கள்.
ஜெசிந்தா சொல்வாள்:
"ஒனக்குப் படம் பாக்கத் தெரியலடி,
டெஸ்ட்டுதான் எடுக்குற."
அவள் எல்லாவற்றுக்கும் எட்டு.
தூங்கி விழித்த படத்துக்கும் எட்டு.
பாதியில் புருஷன் போன் வந்து எழுந்து போன படத்துக்கு
எட்டரை.

அரிவாள் படம்: நான்கு.
ரத்தம் அப்படிப் பீய்ச்சாது.
பீய்ச்சினாலும் அந்த நிறம் நிற்காது.
நாளுக்கு நாற்பது கை பிடித்து
நரம்பு தட்டிப் பார்க்கிறவள் சொல்கிறேன்,
வெளியே வந்த ரத்தம் சீக்கிரம் பழுப்பேறும்.
கதாநாயகன் சட்டையில் மட்டும்
இடைவேளைக்குப் பிறகும் குங்குமம்.
கதை எங்கள் ஊரில் நடக்கிறதாம்:
நாலு சுமோ, ஒரு கோபுரம், "ஏலே" என்று ஒருவன்.
அது நெல்லைப் பக்கத்துப் பேச்சு என்று
அவ்வளவு பெரிய கேமரா வைத்திருக்கிறவர்களுக்கு
யாரும் சொல்லவில்லையா?
அரை மார்க் குறைத்தேன்.

காதல் படம் ஒன்று. பேர் மறந்துபோச்சு,
மார்க் இருக்கிறது: ஆறே கால்.
அந்தக் கால் எதற்கென்று யோசித்தபடியே
ஒருநாள் ஆரப்பாளையம் வரை போய்விட்டேன்.
நனைந்த குடையை அவள் பஸ்ஸுக்குள் உதறுவாள்,
கண்டக்டர் திட்டுவார்.
அதுக்குத்தான்.

பிறகு அந்த ஆஸ்பத்திரிப் படம்.

மகளுக்கு மூன்று மாதம் என்று
டாக்டர் கண்ணாடியைக் கழற்றுகிறார்.
யார் கழற்றுகிறார்கள்?
அடுத்த டோக்கனைக் கூப்பிடுவார்கள்.
சர்க்கரை பார்க்க ஊதா மூடிக் குழாயில் ரத்தம் எடுக்கிறார்கள்.
சாம்பல் மூடிடா, சாம்பல்.
உள்ளுக்குள் கழித்துக்கொண்டே வந்தேன்,
ஐந்து, நாலரை, நாலு.
பக்கத்து சீட்டில் ஒருவர்
துண்டை வாயில் அழுத்திக்கொண்டு அழுதார்.

இடைவேளை வெளிச்சத்தில் பார்த்தால்
காலையில் வந்தவர். செக்கானூரணி.
வெறும் வயிற்றோடு முதல் பஸ் பிடித்து வந்து
இடது கையை நீட்டியவர்.
முழங்கை மடிப்பில் இன்னும் என் பஞ்சு, என் பிளாஸ்திரி.
ரிப்போர்ட் நாலு மணிக்கே தயார்.
நான்தான் அடித்தேன்.
அந்த எண்ணை நம்பாமல்
இன்னொரு தரம் ஓட்டிப் பார்த்துவிட்டு அடித்தேன்.
கவர் கவுண்டரில், ரப்பர் பேண்டுக்குள்.

"ஊசி குத்துன பிள்ளதான?" என்றார்.
முறுக்கை ஒடித்துப் பாதி கொடுத்தார்.
ரிப்போர்ட் பற்றி ஒரு வார்த்தை இல்லை.
"முடிவு எப்புடிம்மா? பாத்துட்டியா?"

படத்தைத்தான் கேட்டார்.
படத்தைத்தான் கேட்டிருப்பார்.

"இல்லைங்கய்யா. இன்னும் பாக்கலை."

மணி அடித்து விளக்கு அணைந்தது.
மகள் பிழைத்துவிட்டாள்.
எப்படியென்று கேட்காதீர்கள்,
ஒரு பாட்டு, ஒரு விமானம், வெள்ளைக்கோட்டில் ஒரு வெள்ளைக்காரர்.
முன்வரிசைப் பையன்கள் விசிலடித்துச் சிரித்தார்கள்.
அவர் கை தட்டினார்.
நானும் தட்டினேன்,
விரலெல்லாம் முறுக்குத் தூள்.

வெளியே வண்டிச் சாவியைத் தேடுகிற சாக்கில்
திரும்பிப் பார்த்தேன்.
பஸ் ஸ்டாப்பைத் தாண்டி
லேப் இருக்கும் பக்கமாக நடந்துகொண்டிருந்தார்.
பத்து மணி வரை திறந்திருக்கும்.
நல்லவேளை, ஜெசிந்தா டியூட்டி.

அந்த வரிக்கு நேரே
இன்னும் எதுவும் எழுதவில்லை.
அதற்குக் கீழே,
பேய்ப் படம்: இரண்டு.
பேய் பரவாயில்லை.
பாப்கார்னில் உப்பே இல்லை.