பக்கம் ஒன்பது

காம் தியாபிள். எதிரே கரும்பு, பின்னாலும் கரும்பு.
பதினோரு பெர்ஷ் நிலம், நாலு அறை, ஒரு லிச்சி மரம்.
முப்பத்தெட்டு லட்சம் என்றார் மர்தேமுத்து.
சாவிக்கொத்தை என் உள்ளங்கையில் வைத்து
கனம் பார்க்கவிட்டு
உடனே திரும்ப எடுத்துக்கொண்டார்.

பதினேழு வருடம் ஃப்ளோரெயாலில்
பனி பெய்யும் ஊர்க்காரர்கள் போடும் ஸ்வெட்டருக்குக்
கழுத்து தைத்தேன்.
ஆலை மூடியபோது கொடுத்த பணம் வங்கியில் கிடந்தது.
"அதில் பதினெட்டாயிரம் எடுத்து
ஒருவனைக் கூட்டிவந்து சுவரைத் தட்டச் சொல்வாயா?
கண் இல்லையா உனக்கு?" என்றார் அக்காள் புருஷன் சின்னப்பென்.
இருக்கிறது.
தையல் பிரியும் முன்னே
நூல் எங்கே நைகிறது என்று காணும் கண்.
கான்கிரீட்டுக்கு அது பத்தாது.

வீட்டைக் கட்டிப் பார் என்று சொல்லிவைத்தவர்கள்
வாங்கிப் பார் என்று
ஒரு வார்த்தை சொல்லிவைக்கவில்லை.

ஏணி, டார்ச், கையடக்கச் சுத்தியல்,
இரண்டு ஊசி வைத்த ஈரமானியோடு
வந்தார் மிஸ்யே லாமோத்.
எல்லைக் கல் நான்கில் மூன்று அகப்பட்டது.
நாலாவது, பக்கத்து வீட்டுக் கோழிக்கூட்டுக்குள்.
அதன்மேல் கோழி.
பத்திரத்தில் மர்தேமுத்துவின் பெயர்
மூன்று விதமாக எழுதப்பட்டு
மூன்று பேர்போல நின்றது.
"அது நோட்டரியின் தலைவலி" என்று
ஏணியை விரித்தார்.

சுவரெல்லாம் புதுப் பெயிண்ட், மாம்பழ மஞ்சள்.
முதல் அறையில் ஈரமானி பேசவில்லை.
இரண்டாவதில் முனகியது.
"பெயிண்ட் இன்னும் காயலை" என்றார் வீட்டுக்காரர்.
பின்னறையில் அது கத்தியபோது
அவர் ஒன்றும் சொல்லவில்லை.

டொக். டொக். டொக்.
பிறகு, கட்டிலுக்கு நேர் மேலே, தொம்.
பழுத்த பலாவைத் தட்டினால் வரும் ஓசை.
பலாவில் அது நல்ல செய்தி.
உள்ளங்கை அகலத்துக்கு ஒரு சில்லு விழுந்தது
போர்வையின் மேல்.
உடைந்த முகத்தில் துருவின் சிவப்பு,
கடுகளவு ஒரு சிப்பி.
ஜெர்வேஸ் புயலுக்குப் பிறகு
அவசரமாய், கடல் மணலில் போட்ட தளம்.
இந்த வீட்டின் எந்த ஜன்னலிலிருந்தும்
கடல் தெரியாது.
கூரைக்குள் இருந்தது.

"எத்தனை நாள் தாங்கும்?"
ஆபரேஷன் அறை வாசலில் கேட்கும் குரலில்
கேட்டார் மர்தேமுத்து.
தேநீர்த் தட்டோடு அவர் மனைவி நின்றாள்
சர்க்கரை எத்தனை என்று கேட்க வந்தவள்.
கட்டிலில் இரண்டு தலையணை.

அறிக்கை பதினான்கு பக்கம்.
பக்கம் ஒன்பது:
பின் படுக்கையறைத் தளம் உதிர்நிலையில்.
கம்பி பாதிக்குமேல் அரித்துள்ளது.
அடியில் ஆள் தங்குவது உகந்ததல்ல.

"இப்போ பிடி! பத்து லட்சம் குறைக்கச் சொல்!"
சின்னப்பென்னுக்கு அன்று
அறிக்கையின் அருமை தெரிந்துவிட்டது.

நான் வாங்கவில்லை.
பெருந்தன்மை ஒன்றுமில்லை,
தளம் மாற்றப் பணமில்லை.
அறிக்கை உங்களுடையது,
யாருக்கும் காட்டத் தேவையில்லை என்றார் லாமோத்.
சரிதான், காசு கொடுத்தது நான்.
ரோஸ் பெல் கடையில் ஒன்பதாம் பக்கத்தை மட்டும்
நகல் எடுத்து
பேருந்து ஏறிப் போய்
அவர்கள் கேட்டில் தொங்கும் தபால் பெட்டியில் போட்டேன்.
நாய் குரைத்தது. மணி அடிக்கவில்லை.

ஜனவரி. புயல் எச்சரிக்கை இரண்டாம் எண்.
வாடகை வீட்டு ஜன்னலுக்கு நாடா ஒட்டிக்கொண்டிருந்தேன்.
தொலைபேசியில் அவர்.
"கட்டிலை முன்னறைக்கு மாத்திட்டோம்."
சரி என்றேன்.
மழை இரண்டு பக்கமும் கேட்டது.
வைத்துவிடுவார் என்று நினைத்தேன்.
"மத்த பக்கத்துல
என்ன எழுதியிருக்கான்?"

நாடாவைக் கீழே வைத்துவிட்டு
முதல் பக்கத்திலிருந்து தொடங்கினேன்
கிரியோலில், மெதுவாக:
எல்லைக் கற்கள். நான்கில் மூன்று.
நாலாவதன்மேல்
ஒரு கோழி.