ஈரப்பதம்

நெல்லைப் பல்லில் கடித்தே சொல்லிவிடுவார்கள்
எங்கள் பக்கம், காய்ந்ததா இல்லையா என்று.
நான் சொல்ல மாட்டேன். கொள்முதல் நிலையத்தில்
பட்டியல் எழுத்தர் நான்.
கருவியில் ஒரு பிடி போட்டு, எண் வரும்வரை
யார் முகத்தையும் பார்க்க மாட்டேன்.
பதினேழுக்கு மேல் போனால்
கொண்டுபோய்க் காய வையுங்கள்.
ஒருவர் தூ என்று துப்பிவிட்டுப் போனார்.
நியாயம்தான்.

இரவு மூன்று பத்துக்கு விழிப்பு வரும்.
அலாரம் இல்லை, நாய்ச் சத்தம் இல்லை.
உட்கார்ந்து சிப்பம் எண்ணுவேன்,
நூற்றைம்பது, இருநூறு.
விடியும்போது உள்ளங்கை நனைந்திருக்கும்.

மருந்துக்கடை சிங்காரவடிவேல்
பாதி மாத்திரையைக் காகிதத்தில் மடித்துக் கொடுத்தார்.
தூங்கினேன்.
மறுநாள் ஒரே மூட்டையை இரண்டு முறை எழுதினேன்,
கைக்காசு போயிற்று.

தஞ்சாவூரில் டோக்கன் நாற்பத்து மூன்று.
உள்ளே நான்கு நிமிடம்.
"குழந்தை இல்லையா?" என்றார்.
இல்லை என்றேன்.
"அதுதான்" என்று எழுதத் தொடங்கினார்.
பல்லில் கடித்தே சொல்லிவிட்டார்.

"தையல்நாயகின்னு பேரு,
வைத்தியர் பெண்டாட்டி பேரு,
உனக்கென்னடி வியாதி" என்பார் மாமியார்.
கேலிதான்.
ஆனால் வைத்தீஸ்வரன்கோயில் குளத்தில்
இடுப்பளவுத் தண்ணீரில் என் மணிக்கட்டைப் பிடித்து நின்றவரும்
அவர்தான். அன்று ஒரு ராத்திரி தூங்கினேன்.
யாரோ கூட நின்ற தூக்கம்.

பிறகு ஒரு தொலைபேசி எண் கிடைத்தது.
நல்ல குரல், குறை சொல்ல மாட்டேன்.
"கண்ணை மூடிக்கொள்ளுங்கள்" என்றாள் அந்தப் பெண்.
"இது ஒரு கடற்கரை. அலை மெதுவாக வந்து
உங்கள் பாதத்தைத் தொடுகிறது..."
நான் அக்கரைப்பேட்டைக்காரி, அம்மா.
அப்போது எனக்குப் பதின்மூன்று வயது.
அதன்பின் மெதுவாக வரும் அலை எதையும்
நான் நம்பியதில்லை.
இதைச் சொல்லவில்லை.
சிக்னல் சரியில்லை என்று வைத்துவிட்டேன்.

மேட்டூரில் திறந்த தண்ணீர்
எங்கள் மடைக்கு வர
சில வருடம் இருபது நாளாகும்.
வழியில் எல்லோரும் குடித்த மிச்சம் அது.
கடைமடையில் யாரும் இதற்கு ஆச்சரியப்படுவதில்லை.

கீழ்வேளூர் ஆஸ்பத்திரியில்
செவ்வாய்க்கிழமை மட்டும் ஓர் அறை,
நாய்க்கடி ஊசி வரிசையைத் தாண்டி.
மெஹ்ருன்னிசா என்று கதவில் சாக்பீஸ் எழுத்து.
பேனாவை அவர் எடுக்கவே இல்லை.
"படுக்கும்போது எந்தப் பக்கம் கால் நீட்டுவீர்கள்?"

என்ன கேள்வி இது.
மேற்கே என்றேன்.
"ஏன் மேற்கே?"

எழுந்ததும் ஓட.

சொன்ன பிறகுதான் எனக்கே தெரிந்தது.
இருபத்தோரு வருடம்,
கல்யாண ராத்திரியில்கூட,
தலையைக் கடலுக்கும் காலை ஊருக்கும் கொடுத்துப்
படுத்திருக்கிறேன்.

அவர் ஆறுதல் சொல்லவில்லை.
எண் வரும்வரை காத்திருக்கிற ஆள் மாதிரி இருந்தார்.
வெகுநேரம் கழித்து, "அடுத்த செவ்வாய்?" என்றார்.
லீவு தரமாட்டார்கள் என்றேன்.
"மூன்று மணிக்கு மேல் வாருங்கள். இருப்பேன்."

ஏழு செவ்வாய் ஆயிற்று.
மாத்திரையும் உண்டு, இது வேறு மாத்திரை,
எதற்கு என்று சொல்லிக் கொடுத்தது.
சுள்ளென்ற வெயிலில் ஒரே நாளில் காய்ந்த நெல்
அரவையில் நொய்யாகிவிடும் என்று
பேச்சுவாக்கில் சொன்னேன்.
அப்போதுதான் பேனாவை எடுத்தார்.

மூன்று பத்து இன்னும் வருகிறது,
தினமும் இல்லை.
போன வாரம் கட்டிலைத் திருப்பிப் போட்டோம்,
மாமியார் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம்.
கிழக்கே கால் நீட்ட மனம் வரவில்லை.
வடக்கே தலை ஆகாது என்றார் அவர்.
ஆக இப்போதைக்குத் தெற்கே தலை, வடக்கே கால்.
எழுந்து ஓடுவதென்றால்
முதலில் நான்
இடப்பக்கம் திரும்ப வேண்டும்.