பதினொன்று புள்ளி ஒன்பது

பாசிர் பாஞ்சாங்கில் வெயில் தாமதமாகத்தான் வரும்.
முதுகுப் பக்கம் மலை.
ஏழேகாலுக்கே விடிந்தாலும்
மணலில் நிழல் விழ ஒன்பதாகிவிடும்.

அதுவரை மீட்டரில் பதினொன்று புள்ளி ஒன்பது.
காய்ச்சல்காரப் பிள்ளையின் நெற்றியைப்போல
குணாளன் அதைத் தொட்டுத் தொட்டுப் பார்க்கிறார்.
"பன்னிரண்டுக்குக் கீழே போனா
பேட்டரிக்கு ஆயுசு குறையும், வாணி."
எனக்கும்தான் என்றேன்,
கோப்பியைக் கலக்கியபடி.

ராத்திரியே கணக்குப் போட்டோம்.
விசிறிக்கு இரண்டு ஆம்பியர்,
குளிர்பெட்டிக்கு நான்கு,
விளக்குக்கு அரை, கைப்பேசிக்கு ஒன்று.
மணிக்கூலி வாங்கியவளுக்கு
ஆம்பியர்-மணி புரிய நேரமாகவில்லை.
விசிறியை அணைத்தோம்.
பாலிக் பூலாவ் சந்தையில் வாங்கிய கானாங்கெளுத்தி
குளுகுளுவென்று தூங்கியது.
நாங்கள் விடிய விடியக் கொசு அடித்தோம்.

"காரை ஒரு மணி நேரம் ஓடவிட்டா ஏறிடும்."
வேண்டாம்.
அந்த உறுமலைக் கேட்கவா
இவ்வளவு தூரம் டிரெய்லரை இழுத்து வந்தோம்?

ஒன்பதே கால். மலை விட்டுக்கொடுத்தது.
தகட்டை மணலில் சாய்த்து வைத்தேன்.
ஒரு வாதுமை இலையின் நிழல் போதும்,
ஐந்து ஆம்பியர் ஒன்றரையாகிவிடும்.
அரை மணிக்கு ஒருமுறை இழுத்துத் திருப்பினேன்,
தொட்டிலை நகர்த்துவதுபோல,
வெயில் போன பக்கமெல்லாம்.

பாயான் லெப்பாசில் பதினாறு வருசம் நைட் ஷிப்ட்.
கண் மட்டும் தெரியும் வெள்ளை உடுப்பு.
முடியைவிட மெல்லிய தங்கக் கம்பியைச்
சில்லில் ஒட்டுகிற வேலை.
காலையில் பஸ், வீட்டில் கறுப்புத் திரை.
மத்தியானம் என்றால் எனக்கு
பக்கத்து வீட்டில் கடுகு வெடிக்கும் சத்தம்,
அவ்வளவுதான்.
இந்த மீட்டருக்குள்ளும் அப்படியொரு கம்பி இருக்கும்.
யார் ஒட்டினாளோ,
எந்த ராத்திரியில் கொட்டாவியை அடக்கிக்கொண்டு.

இரண்டு மணிக்கு மேகம்.
மூன்றரைக்குப் போனது.
தகட்டின் மேல் ஒட்டிய உப்பைத் துடைக்கக் குனிந்தேன்.

"தள்ளி நில்லு வாணி, உன் நிழல் விழுது!"

நிமிர்ந்தேன்.
அந்த அறையில் கூரை முழுக்க விளக்கு.
எந்தப் பக்கம் திரும்பினாலும் காலடியில் ஒன்றும் இருக்காது.
பதினாறு வருசம் அப்படியே நின்றிருக்கிறேன்,
ஒருவருக்கும் மறைக்காமல்.

"எவ்வளவு குறையுது?"
"மூணு ஆம்பியர்."

மூன்று.
குளிர்பெட்டிக்குக் கொஞ்சம்தான் குறைவு.
விசிறியைவிட அதிகம்.

இன்னும் ஒரு நிமிடம் அங்கேயே நின்றேன்.
அவர் கத்திக்கொண்டே இருந்தார்.

பிறகு விலகினேன்.
சாயங்கால வெயில் கடல் பக்கமிருந்து வந்தது.
நிழல் என் காலிலிருந்து கிளம்பி
டிரெய்லரைத் தாண்டி
மலையைப் பார்த்துப் போனது.

ஆறரைக்கு அவர் சொன்னார்,
"பன்னிரண்டு புள்ளி நாலு. இன்னிக்கு விசிறி போடலாம்."

மீனைப் பொரிச்சிட்டா
பெட்டியையே அணைச்சிடலாம் என்றேன்.
மஞ்சள் தூளைத்தான் வீட்டிலேயே வைத்துவிட்டு வந்திருந்தோம்.