அடிதாங்கி

முத்தியால்பேட்டை, ஸ்கூட்டர் பட்டறைக்கு மாடி.
ரெமி வில்பிரெட் கடைக்குக்
கம்பி வாங்கத்தான் போனேன்.

ஐந்து கிட்டார்கள் ஆணியில்.
சைப்ரஸ் மரம், எலுமிச்சைத் தோல் நிறம்.
கையில் எடுத்தால் முறத்தின் எடைதான்.
துளைக்குள் மூக்கை வைத்தேன்:
பென்சில் சீவல்.

"ஃபிளமெங்கோ. வாசிக்கிறவன் வயித்துலயே அறைவான்."
துளைக்குக் கீழே ஒட்டியிருந்த
கண்ணாடி போன்ற தகட்டைக் காட்டினார்.
நான் அதற்கு
அடிதாங்கி என்று பெயர் வைத்தேன்.

ஐப்பசியில் கோந்து காயாதாம்.
அலமாரிக்குள் நாற்பது வாட் பல்பு,
கோழிக்குஞ்சுக்கு வைப்பதுபோல.

விலை நான் கேட்கவில்லை. அவராகச் சொன்னார்.
என் ஏழு மாத வாடகை.

"சும்மா தட்டிப் பாருங்க."

தட்டினேன்,
மோதிர விரலால், ஒரே முறை.

கீழே ஸ்பேனர் சத்தம் நின்றது.
"அண்ணே, யாரோ கதவத் தட்டறாங்க பாருங்க."